செங்காவி வளையம்

நாகம்மா பெங்களூரில் கண் ஆபரேஷன் முடிந்து மத்திகிரிக்குத் திரும்பிய நாளிலிருந்து, அவள் வளர்த்த கிளி அவளோடு பேசவில்லை.

உலகத்தில் பேச்சுவார்த்தை அற்றுப்போய் இருப்பவர்கள் எத்தனையோ பேர். அண்ணன் தம்பி பேசுவதில்லை, மாமியார் மருமகள் பேசுவதில்லை, ஆனாலும் வேளாவேளைக்கு உண்டு உறங்கி நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஒரு கிளி பேசவில்லை என்பதற்காக நாற்பதைத் தாண்டிய பொம்பளை சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கண்ணைத் துடைக்கலாமா என்று கேட்பவர்கள், நாகம்மாவின் வீட்டில் ஒரு வாரம் குடியிருந்து பார்த்துவிட்டு அப்புறம் கேட்கட்டும்.

அவள் புருஷன் திம்மராயன் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். பேசவும் மாட்டான், அவ்வளவுதான். கெலமங்கலத்துச் சென்னப்பனுக்கு மத்திகிரியில் ஓர் ஆட்டு மண்டி இருந்தது. அங்கேதான் அவனுக்கு வேலை. பகலெல்லாம் ஆடுகளை அதட்டி அதட்டித் தொண்டை கட்டிப்போய் வருவான். வீட்டுக்குள் வந்தால் 'தண்ணி', 'சோறு', 'வெளக்க அணை'. இந்த மூன்றை வைத்துக்கொண்டே இத்தனை வருஷம் சம்சாரம் பண்ணிவிட்டான். பிள்ளைகள் இருந்திருந்தால் வீட்டில் சத்தமாவது இருந்திருக்கும். அதுவும் இல்லை.

தொரப்பள்ளிப் பக்கம் காற்றில் சாய்ந்த ஒரு புளியமரத்தின் பொந்திலிருந்து விழுந்த குஞ்சை, விறகு கொண்டுவந்தவன் அவளிடம் கொடுத்துவிட்டுப் போனான். கேழ்வரகுக் கூழைச் சுண்டுவிரலில் தொட்டுத் தொட்டு ஊட்டி வளர்த்தாள். ராசா என்று பேர் வைத்தாள். கழுத்தைச் சுற்றிச் சிவப்பும் கறுப்புமாய் வளையம் விழுந்து அது முழு ஆண்கிளி ஆனதும் பேச்சுக் கற்றுக்கொடுத்தாள். சாமி பேர் சொல்லிக்கொடு என்று தெருவில் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. அவள் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்.

"நாகு, சோறு தின்னியா?"

பெற்றவர்கள் அவளை நாகு என்று கூப்பிட்டார்கள். அவர்கள் போனபிறகு அந்தப் பேரைச் சொல்ல ஆளில்லை. தின்றாயா என்று கேட்கவும் ஆளில்லை. யாரும் கேட்காததைக் கிளியைக் கேட்க வைத்துக்கொண்டாள். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. மத்தியானம் தட்டைப் போட்டு உட்காரும்போது ராசா கேட்கும், அவள் "இப்பத்தான் சாமி, உக்காந்துட்டேன்" என்பாள். அதற்கப்புறம் சோறு தானாக இறங்கும்.

வெள்ளிக்கிழமை அவள் தலை முழுகினால் ராசாவுக்கும் குளியல். வெயிலில் வைத்த தண்ணீரைப் பித்தளைத் தாம்பாளத்தில் ஊற்றிக் கூண்டைத் திறந்தால் போதும், அதுவே தத்தித் தத்தி வந்து தண்ணீரில் இறங்கும். அலகை முக்கும், இறக்கையை அடிக்கும், அவள் புடவையெல்லாம் நனைத்துவிட்டு நடுவிலேயே நிமிர்ந்து, சோறு தின்னியா என்று கேட்கும். குளிக்கிற நேரத்தில் என்ன கேள்வி என்று அவள் அதை வைவாள். அந்த வசவு தெருக்கோடி வரை கேட்கும், அத்தனை சந்தோஷமாக வைவாள்.

அப்படி இருக்கும்போதுதான் கண்ணில் பூ விழுந்தது. முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று. பெங்களூரில் மில் வேலையில் இருந்த தம்பி முனிராஜ் வந்து அழைத்துப் போனான். பஸ் ஏறும்போது திம்மராயனின் கையைப் பிடித்துக்கொண்டு, ராசாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். ஆஸ்பத்திரியில் கண்ணைக் கட்டிப் படுக்கவைத்தார்கள். பிறகு தம்பி வீட்டில் படுக்கை. திம்மராயன் ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை. ஆடு நிறைய வந்து இறங்குகிறது, நகர முடியவில்லை என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினான். பாவம், ஒண்டியாக என்ன கஷ்டப்படுகிறாரோ என்று நாகம்மா கட்டுப் போட்ட கண்ணோடு அவனுக்காகக் கவலைப்பட்டாள்.

கட்டைப் பிரித்தபின் வெளிச்சம் வந்தது, உருவம் வரவில்லை. கண்ணாடி போட்டால்தான் தெளியும், அதற்குப் புண் ஆற வேண்டும் என்றார்கள். அந்தக் கண்ணோடுதான் வீடு திரும்பினாள். பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கூண்டுக்குத்தான் போனாள். பச்சையாய் ஒரு மங்கல், அதன் நடுவே சிவப்பாய் ஒரு கோடு. ராசாதான். கூப்பிட்டாள். பதில் இல்லை. கம்பிக்குள் விரலை விட்டாள். ரத்தம் வரக் கொத்திற்று.

அன்றைக்குத் திம்மராயன் அவள் கேட்டிராத நீளத்துக்கு ஒரு வாக்கியம் பேசினான்.

"நீ உட்டுட்டுப் போயிட்டே இல்ல, அதான் அதுக்குக் கோவம்."

நாகம்மா அதை நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? விட்டுவிட்டுப் போனது நிஜம்தானே. அன்றிலிருந்து கிளியின் காலில் விழாத குறைதான். கொய்யாவை நறுக்கி வைத்தாள், பச்சை மிளகாயைக் காம்பு கிள்ளி நீட்டினாள், வேர்க்கடலையை ஊறவைத்துத் தோல் உரித்துக் கொடுத்தாள். கூண்டின் முன்னால் உட்கார்ந்து, நான் ஊர் சுற்றப் போகவில்லை, கண் இல்லாமல் உன்னை எப்படிப் பார்ப்பேன், அதற்காகத்தான் போனேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மன்னித்துவிடு சாமி என்று கேட்டாள். அதெல்லாம் திம்மராயன் பக்கத்தில் உட்கார்ந்து களி உருண்டையைக் குழம்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருக்கும்போதுதான் நடந்தது. அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

குளிப்பாட்டினால் கோபம் தணியும் என்று தோன்றியது. தாம்பாளத்தை எடுத்தாள். அதற்கும் அவன் தடை போட்டான். கிளிக்குச் சளி பிடித்திருக்கிறது, தண்ணீர் பட்டால் செத்துப்போகும் என்றான். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, உயிரோடு இருக்கட்டும் என்று அவள் தாம்பாளத்தைத் திரும்ப வைத்துவிட்டாள்.

இதற்கு நடுவில் ஒரு நல்ல காரியமும் நடந்திருந்தது. அவள் பெங்களூரில் இருந்தபோதே சென்னப்பன் திம்மராயனை மண்டிக்கு மேஸ்திரி ஆக்கிவிட்டார். நாகம்மா தெருவில் எல்லா வீட்டுக்கும் வெல்லம் கொடுத்தாள். பக்கத்து வீட்டுச் சுக்ரா வெல்லத்தை வாங்கிய கையோடு உள்ளே போய்விட்டாள். அவள் முகம் எப்படி இருந்தது என்று பார்க்க அப்போது நாகம்மாவுக்குக் கண் இல்லை.

ராஜ்யங்களைப் பிரித்த மறு வருஷத்து யுகாதி வந்தது. அதற்கு முந்தின நாள் முனிராஜ் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். சோடா பாட்டிலின் அடிப்பாகம் போலத் தடியான கண்ணாடி. போட்டதும் சுவரில் ஊரும் எறும்பு தெரிந்தது. திம்மராயன் அப்போது ஊரில் இல்லை. யுகாதிக்கு மறுநாள் மைசூர்ச் சீமையில் ஒசதொடக்கு, வீட்டுக்கு வீடு கறி சமைப்பார்கள். சுற்றுவட்டாரத்து ஆடெல்லாம் அதற்கு முன்னால் பெங்களூர் போய்ச் சேர வேண்டும். மேஸ்திரி மந்தையோடு போய்விட்டான்.

யுகாதியன்று வீட்டில் உயிருள்ளது எதுவும் எண்ணெய் வைத்துக் குளிக்காமல் இருக்கக் கூடாது என்பது நாகம்மாவின் பிறந்த வீட்டு வழக்கம். மாட்டுக்குக்கூட நெற்றியில் ஒரு சொட்டு வைப்பார்கள். சளி எல்லாம் இந்நேரம் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வேப்பிலை போட்ட வெந்நீரை விளாவித் தாம்பாளத்தில் ஊற்றிக் கூண்டைத் திறந்தாள். கிளி வரவில்லை. கையை விட்டுப் பிடித்தபோது உயிர் போகிற மாதிரி அலறிற்று. துணியில் சுற்றிக்கொண்டாள். உச்சியில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்தாள். அரப்புத் தண்ணீரை விரலில் எடுத்துத் தலையிலும் கழுத்திலும் தேய்த்தாள்.

தாம்பாளத்துத் தண்ணீர் சிவந்தது.

ரத்தம் என்றுதான் நினைத்தாள். நகம் பட்டுவிட்டதோ என்று பதறிக் கழுத்தைப் புரட்டிப் பார்த்தாள். காயம் இல்லை. இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டாள். சிவப்பு போயிற்று. அதன் கீழே இருந்த கரியும் போயிற்று. வளையம் இருந்த இடத்தில் வெறும் பச்சை. வளையமே இல்லாத பெட்டைக்கிளி ஒன்று அவள் கையில் நடுங்கிக்கொண்டிருந்தது.

நாகம்மா விரலை முகர்ந்து பார்த்தாள். முகர்ந்திருக்கவே வேண்டாம். அது ஆமணக்கெண்ணெயில் குழைத்த செங்காவி. வழியில் பல மண்டி ஆடுகள் ஒன்றாகக் கலந்துவிடும் என்பதால் ஒவ்வொரு மண்டிக்கும் ஓர் அடையாளம் உண்டு. ஒருவர் ஆட்டுக்கு முதுகில் கோடு, ஒருவர் ஆட்டுக்குத் தொடையில் பொட்டு. சென்னப்பன் மண்டி ஆட்டுக்குக் கழுத்தைச் சுற்றி வளையம். அந்த வளையம் போடுகிற கை திம்மராயனுடையது. மழையில் நனைந்தாலும் அசையாத சாயம். அரப்பு ஒன்றுக்குத்தான் போகும். அவன் சட்டைக் காலரில் படிந்த அந்தச் சிவப்பை அவள் கல்யாணமான நாள் முதல் அரப்புப் போட்டுத்தானே கசக்கி எடுக்கிறாள்.

கண் தெரியாதவளுக்கு என்ன தெரியும் என்று கணக்குப் போட்டிருக்கிறான். பச்சையில் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தால் போதும் என்று, ஆட்டுக்குப் போடுவதைக் கிளிக்குப் போட்டிருக்கிறான். இதை நினைத்ததும் நாகம்மாவுக்கு அழுகை வரவில்லை, உடம்பெல்லாம் எரிந்தது. ஈரக்கிளியைத் துடைத்துக் கூண்டில் விட்டுவிட்டுச் சுக்ராவின் வாசலில் போய் நின்றாள். ராசா செத்துப்போயிற்றா என்று கேட்டாள்.

சுக்ரா கண்ணாடியைப் பார்த்தாள், அவள் விரலில் இருந்த சிவப்பைப் பார்த்தாள், கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"சாவல அக்கா. உன் வூட்டுக்காரருதான் சென்னப்பன் வூட்டு வண்டியில ஏத்திக் குடுத்தாரு. நீ அழுதா கண்ணு போயிரும்னு டாக்டர் சொன்னாராம். அதனால யாரும் சொல்லக் கூடாதுன்னு எங்க வூட்டுக்காரர்கிட்டயும் சொல்லிட்டுப் போனாரு. உன் கண்ணுக்கு பயந்துதான் அக்கா வாயத் தொறக்கல."

தெருவுக்கே தெரிந்திருக்கிறது. அவள் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டதை எல்லா வீடும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. சுக்ரா மேல் கோபப்பட முடியவில்லை.

மறுநாள் காலையிலேயே கெலமங்கலம் பஸ்ஸில் ஏறினாள். மனசுக்குள் ஒரே தீர்மானம். யார் காலில் விழுந்தாவது ராசாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வருவது. திம்மராயனின் மேஸ்திரி வேலை போனால் போகட்டும்.

சென்னப்பனின் சம்சாரம் லட்சுமியம்மாள் பெரிய மனுஷி என்ற கர்வம் இல்லாதவள். ஒசதொடக்குச் சமையலுக்கு மசாலா அரைபட்டுக்கொண்டிருந்த நேரத்திலும் எழுந்து வந்து நாகம்மாவை உட்காரச் சொன்னாள், கண்ணைப் பற்றி விசாரித்தாள். கண் மறைக்கிற தனக்குக் கிளி எதற்கு, அது அம்மாவிடம் இருக்கட்டும் என்று நாகம்மாவே மனசாரச் சொல்லி அனுப்பினாளாமே, அந்த நல்ல மனசுக்குத்தான் சாமி கண்ணைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார் என்றாள். அவள் சொல்லாத வார்த்தையை அவள் பேரில் சொல்லிப் புருஷன் கிளியைக் கொடுத்திருக்கிறான் என்று நாகம்மாவுக்குப் புரிந்தது. அதெல்லாம் பொய் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் லட்சுமியம்மாள் உள்ளே போய்க் கூண்டைக் கொண்டுவந்துவிட்டாள்.

புதுப் பித்தளைக் கூண்டு. உள்ளே ராசா. கழுத்தில் அழியாத வளையம். கண்ணாடி வழியாக அதன் ஒவ்வொரு இறகும் தெரிந்தது. நாகம்மா கம்பியில் விரலை வைத்து, "ராசா" என்றாள். கிளி தலையைச் சாய்த்துப் பார்த்தது. கம்பியோரமாக நகர்ந்து வந்தது. அலகால் அவள் விரலை மெதுவாகக் கவ்வி விட்டது. பிறகு பேசியது.

"அம்மா, ஊட்டா ஆய்த்தா?"

சாப்பாடு ஆயிற்றா என்று கன்னடத்தில் கேட்டது. அந்த வீட்டில் பேசுகிற பாஷை அதுதான். பாஷை மாறியதை நாகம்மா பொறுத்துக்கொண்டிருப்பாள். குரல் மாறியிருந்தது. முன்பு அது அவளைப்போலவே பேசும். இப்போது அது ஓர் ஆம்பிளைக் குரலில், இதமாக, தாழ்ந்து, பயந்த குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி கேட்டது. அடியிலே லேசான கரகரப்பு. அந்தக் கரகரப்பை மட்டும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. ஆடு அதட்டிக் கட்டிப்போன தொண்டை.

லட்சுமியம்மாள் சிரித்தாள்.

"உம் பேரச் சொல்லித்தான் மொதல்ல கேட்டுட்டிருந்தது. அத மாத்தணும்னு உம் வீட்டுக்காரரு நீ ஆஸ்பத்திரியில இருந்தப்ப தெனமும் சாயங்காலம் சைக்கிள்ல வந்துருவாரு. கூண்டுகிட்ட உக்காந்துக்கினு அத்தன பொறுமையா சொல்லிக் குடுத்தாரு நாகம்மா. எங்க எஜமானரே அசந்துட்டாரு. இப்பிடி ஒரு மனுசன் கிடைக்க நீ குடுத்து வெச்சிருக்கணும்."

அவள் கண்ணைக் கட்டிக்கொண்டு இருட்டில் கிடந்த சாயங்காலங்கள் அவை. நகர முடியவில்லை என்று அவன் சொல்லி அனுப்பிய சாயங்காலங்கள். அவனுக்குப் பேச வராது என்றுதான் இத்தனை வருஷமும் அவள் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். சிலருக்கு அப்படித்தான் அமையும், என்ன செய்வது என்று. பேச வந்திருக்கிறது. இதமாகவும் வந்திருக்கிறது. அவளிடம் வரவில்லை, அவ்வளவுதான்.

கிளி மறுபடி கேட்டது. நாகம்மா விரலை எடுத்துக்கொண்டாள். கேட்டால் லட்சுமியம்மாள் கொடுத்துவிடுவாள் என்று அவளுக்குத் தெரிந்தது. கொண்டுபோய் என்ன செய்வது? தட்டைப் போட்டு உட்காரும்போதெல்லாம் இந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு சோறு தின்ன முடியுமா? வந்த காரியம் என்ன என்று லட்சுமியம்மாள் கேட்டதற்கு, கண்ணாடி வந்துவிட்டது, ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி எவ்வளவோ வற்புறுத்தியும் நிற்கவில்லை.

பொழுது சாயும் நேரத்துக்குத் திம்மராயன் வந்தான். ஆடு விற்ற விவரம் சொல்லக் கெலமங்கலத்துக்குப் போய்விட்டு, அவள் அங்கே வந்துபோனதையும் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறான். வாசற்படியில் நின்றபடியே அவள் கண்ணாடியைப் பார்த்தான், கூண்டைப் பார்த்தான், வளையம் இல்லாத கிளியைப் பார்த்தான். தலைப்பாகையைக்கூட அவிழ்க்கவில்லை.

"அம்மாகிட்ட இன்னா சொன்ன?"

இதுதான் அவன் கேட்டது. நாகம்மா அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே, ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் கொடுத்தேன் என்று அவர்கள் சொன்னார்கள், நான் மறுக்கவில்லை என்றாள்.

அவன் முகம் தெளிந்ததை அவள் பார்த்தாள். புதுக் கண்ணாடி அவளுக்கு எதையும் மறைக்கவில்லை. நெற்றிச் சுருக்கம் போயிற்று, தோள் தாழ்ந்தது, ஒரு பெரிய மூச்சு வந்தது. உட்கார்ந்து தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, எல்லாம் நம் நல்லதுக்குத்தானே, மேஸ்திரி ஆக இன்னும் எத்தனை வருஷம் காத்திருப்பது என்றான். கிளிதானே என்றும் சொன்னான்.

நாகம்மா கையைத் துடைத்துக்கொண்டு அவனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அங்க கூண்டுகிட்ட உக்காந்து எப்பிடிப் பேசினீங்களோ, அப்பிடி எங்கிட்ட ஒரு தடவ பேசுங்க."

அவன் அவளைப் பார்த்தான். விளையாடுகிறாளா என்று பார்த்தான். அவள் விளையாடவில்லை. அந்த நிமிஷத்தில்கூட, இவ்வளவுக்கும் அப்புறம்கூட, அவன் அந்தக் குரலில் எதையாவது சொல்லியிருந்தால் போதும், அவள் மனசு இறங்கியிருக்கும். வெட்கம் கெட்ட மனசு, காத்துக்கொண்டிருந்தது. திம்மராயன் வாயைத் திறந்தான். தொண்டையைக் கனைத்தான். முதலாளியின் வீட்டில் தினமும் வந்த குரல், பெண்டாட்டியின் முகத்துக்கு நேரே வர மறுத்தது. பிறகு, மந்தையைத் திருப்புகிற அதே குரலில், "இன்னா பேசறது?" என்றான்.

நாகம்மா எழுந்து கொக்கியிலிருந்து கூண்டைக் கழற்றினாள்.

"சரி. இந்தக் கிளிக்கு மட்டும் நீங்க எதுவும் சொல்லிக் குடுக்காதீங்க. இது ஊமையாவே இருந்துட்டுப் போவட்டும்."

கூண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.